பேட்டரியே இல்லாத பொம்மையைப் பழுது பார்த்தேன்

கணினியோடு இணைந்த தட்டு போன்ற தளத்தில் வைத்ததும் கணினி விளையாட்டுக்குள் குதிக்க வேண்டிய பொம்மை, ஒரு முறை கீழே விழுந்ததிலிருந்து எட்டிப் பார்க்கவே இல்லை. பேட்டரி போயிருக்கும் என்று நினைத்தேன். இதில் பேட்டரியே கிடையாது. தளம் பரப்பும் 13.56 மெகாஹெர்ட்ஸ் காந்தப்புலத்திலிருந்துதான் பொம்மைக்குள் இருக்கும் சிப்புக்கு மின்சாரம்.

பொம்மையின் அடிப்பீடத்தைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். கத்தியால் நெம்பி விளிம்பைக் கீறிவிட்டேன், அவசரக்குடுக்கை! அப்புறம் ஹேர் டிரையரால் இதமாகச் சூடாக்கி, பழைய பிளாஸ்டிக் அட்டையைச் செருகிச் சுற்றிவர, 'டக்' என்று கழன்றது. உள்ளே, அந்தக் காந்தப்புலத்தைப் பிடிக்கும், தலைமுடி போன்ற செம்புக் கம்பிச் சுருள். ஒரு நுனி சிப்பை விட்டு விலகித் தொங்கியது. கம்பிமேல் எனாமல் பூச்சு இருப்பதால் ஈயம் நேரே பிடிக்கவில்லை. நுனியை மெல்லச் சுரண்டி, ஒரு பொட்டு ஈயம் வைத்தேன். மூடாமலேயே தளத்தில் வைத்துப் பார்த்தேன். பழைய லெவலோடு அப்படியே வந்து நின்றது. அந்தக் கணக்கெல்லாம் சிப்பிலேயே பதிவாகியிருந்தது.