பீரோவைத் திறந்தபின் ஆள் நிற்க இடம் வேண்டும்: சிறிய வீட்டில் சாமான்களை அடுக்கும் முறை

வேலூர் சத்துவாச்சாரியில் முதல் மாடியில் ஒரு வாடகை வீட்டுக்குக் குடிவந்த முதல் மாதத்தில், படுக்கையறையை மட்டும் நான்கு முறை கலைத்து அடுக்கினோம். ஒவ்வொரு முறையும் பீரோவைக் காலி செய்து, கட்டிலைக் கழற்றி, மறுபடியும் பூட்ட வேண்டியிருந்தது. ஐந்தாவது முறை சாமான்களைத் தொடுவதற்கு முன் இரண்டு நாள் தரையில் காகிதம் விரித்துப் பார்த்தோம். அதன்பின் இன்றுவரை எதையும் நகர்த்தவில்லை. அந்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அளவு எடுக்க வேண்டும். ஐந்து மீட்டர் எஃகு நாடாவையே பயன்படுத்துங்கள். தையல்காரர் பயன்படுத்தும் துணி நாடா நாள்பட நீண்டுவிடும். அதை நம்பி சோபா வாங்கக் கூடாது. எல்லா அளவையும் அங்குலத்தில் மட்டுமே குறியுங்கள். அடியும் அங்குலமும் கலந்து எழுதினால் கூட்டிக் கழிக்கும்போது தவறு வரும். சுவரின் நீளத்தோடு, கதவு எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் திறக்கிறது, சன்னலின் அடிவிளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம், சுவிட்ச் போர்டும் பிளக் பாயிண்டும் எங்கே இருக்கின்றன என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கட்டம் போட்ட நோட்டில் ஒரு கட்டத்துக்கு 6 அங்குலம் என்று வைத்து வரைந்தால் அறை முழுவதும் ஒரே பக்கத்தில் அடங்கிவிடும்.

அடுத்தது காகித அச்சு. பழைய செய்தித்தாள்களை ஒட்டி, கட்டில், பீரோ, சோபா ஒவ்வொன்றின் தரையளவுக்கும் ஒரு தாள் வெட்டி, வைக்க நினைக்கும் இடத்தில் விரித்துவிடுங்கள். சாக்பீஸால் கோடு போடலாம் என்று பலர் சொல்வார்கள். கோட்டை நகர்த்த முடியாது, காகிதத்தை நகர்த்தலாம் என்பதால் நான் காகிதத்தின் பக்கம்.

நான் சறுக்கியது இந்த இடத்தில்தான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். எங்கள் படுக்கையறை கிழக்கு மேற்காக 120 அங்குலம், வடக்கு தெற்காக 132 அங்குலம். கட்டிலின் வெளியளவு 81க்கு 63. பீரோவின் அகலம் 36, ஆழம் 19. தெற்குச் சுவரில் கட்டிலின் தலைமாட்டை வைத்து, மேற்குச் சுவரை ஒட்டிக் கிழக்குப் பார்த்தபடி பீரோவை நிறுத்தினோம். கட்டிலுக்குக் கிழக்கே 15 அங்குலம் விட்டது போக, பீரோவுக்கும் கட்டிலுக்கும் இடையே 23 அங்குலம் மிஞ்சியது. பீரோவின் ஒரு கதவு 18 அங்குலம். ஆகவே தடையில்லாமல் திறக்கும் என்று கணக்குப் போட்டேன். கதவு திறக்கத்தான் செய்தது. ஆனால் திறந்த கதவுக்கும் கட்டிலுக்கும் நடுவே ஆள் நிற்க இடமில்லை. என் மனைவி கட்டிலில் உட்கார்ந்துகொண்டு மேல் தட்டிலிருந்து சேலையை எட்டி எடுக்க வேண்டியிருந்தது. கீழ்த் தட்டில் இருப்பதை எடுக்கக் குனிந்தால் முதுகு கட்டில் சட்டத்தில் இடித்தது. ஒரு வாரம் இப்படியே ஓட்டிய பிறகுதான், நான் பீரோவை அளந்தேனே தவிர, பீரோவைப் பயன்படுத்தும் ஆளை அளக்கவில்லை என்பது புரிந்தது.

எனவே ஒவ்வொரு சாமானுக்கும் மூன்று அளவுகள் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்: அது நிற்கும் இடம், அது திறக்கும் இடம், அதன் முன்னே ஆள் நின்று குனியும் இடம். முதல் அளவைச் செய்தித்தாளில் வெட்டுங்கள். மற்ற இரண்டையும் பழைய மாதக் காலண்டர் தாளில் வெட்டி, செய்தித்தாளின் முன்னால் ஒட்டுங்கள். வழவழப்பான அந்த வெள்ளைத் தாள் விரிந்திருக்கும் தரையில் வேறு எந்தச் சாமானும் வரக் கூடாது. ஆள் நடக்கலாம், அவ்வளவுதான். பீரோவுக்கு முன்னால் 36 அங்குலமும், சாப்பாட்டு மேசையின் விளிம்பிலிருந்து நாற்காலியை இழுத்து உட்கார 30 முதல் 36 அங்குலமும், வாசலிலிருந்து சமையலறைக்குப் போகும் முக்கிய வழிக்கு 36 அங்குலமும் தேவை. சோபாவுக்கும் டீப்பாய்க்கும் இடையே மட்டும் 16 முதல் 18 அங்குலம் போதும். அதற்கு மேல் போனால் காபி டம்ளரை வைக்க எழுந்து குனிய வேண்டிவரும்.

இந்தக் கணக்கின்படி எங்கள் அறையில் கட்டிலின் தலைமாட்டைக் கிழக்குச் சுவருக்கு மாற்றினோம். மேற்குப் பக்கம் 39 அங்குல அகலத்துக்கு ஒரு பாதை கிடைத்தது. அந்தப் பாதையின் தென்கோடியில், தென்மேற்கு மூலையில், வடக்குப் பார்த்தபடி பீரோ நிற்கிறது. கட்டிலுக்குத் தெற்கே 42 அங்குலமும் வடக்கே 27 அங்குலமும் விட்டதால், திறந்த கதவு கட்டிலைத் தொடுவதில்லை. பீரோ தென்மேற்கில் இருக்க வேண்டும், வடக்கே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று அம்மா முதல் நாளே சொல்லியிருந்தார். இரண்டும் இந்த அமைப்பில் நிறைவேறிவிட்டன.

மேற்குச் சுவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மே மாதத்தில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டுவது ஆண்டுதோறும் நடப்பது; சுற்றியுள்ள பாறைக் குன்றுகளும் பகலெல்லாம் காய்ந்து கிடக்கும். 9 அங்குலச் செங்கல் சுவர் பிற்பகல் வெயிலை உடனே உள்ளே விடுவதில்லை; அந்தச் சூடு உள்பக்கம் வந்துசேரச் சில மணி நேரம் ஆகும். இரவுச் சாப்பாடு முடிந்து படுக்கப்போகும் நேரத்தில்தான் சுவர் நன்றாகச் சுடும். எங்கள் நான்கு முயற்சிகளில் ஒன்றில் கட்டிலின் தலைமாடு மேற்குச் சுவரில் இருந்தது; மின்விசிறி முழு வேகத்தில் ஓடியும் தலையணை சூடாகவே இருந்தது. ஆகவே வெயில் படும் வெளிச்சுவரில் தலைமாட்டையோ சோபாவின் சாய்மானத்தையோ வைக்காதீர்கள். பீரோ, புத்தக அலமாரி போன்றவற்றை அங்கே நிறுத்துங்கள். எதை நிறுத்தினாலும் சுவரிலிருந்து 3 அங்குலம் தள்ளி நிறுத்துங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் ஈரம் இழுக்கும்போது மரப்பலகையின் பின்புறம் பூஞ்சை பிடிக்காமல் இருக்கும். கரையான் ஏறினாலும் டார்ச் அடித்துப் பார்க்க முடியும்.

காகிதங்களை விரித்தவுடன் சாமான்களைத் தூக்கிவிட வேண்டாம். இரண்டு நாள் அந்தக் காகிதங்களைச் சுற்றியே நடங்கள். இரவில் தண்ணீர் குடிக்க எழும்போது கால் எந்தத் தாளை மிதிக்கிறதோ, அந்தச் சாமான் தவறான இடத்தில் இருக்கிறது.

நகர்த்தும்போது பீரோவை முழுவதும் காலி செய்து, கதவைப் பூட்டி, கால்களுக்கு அடியில் மடித்த பழைய போர்வையைக் கொடுத்து இழுத்தால் டைல்ஸில் கீறல் விழாது. கனமானவை முதலில், மற்றவை பிறகு. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் பீரோவின் மேல்பகுதியை இரும்புப் பட்டையால் சுவரோடு திருகி முடுக்கிவிடுங்கள், இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கூடத்துக்கு அதிகம் சொல்வதற்கில்லை. டிவியைச் சன்னலுக்கு நேர் எதிரே வைத்தால் பகலில் திரையில் வெளிச்சமே தெரியும். திரையின் மூலைவிட்ட அளவை ஒன்றரையால் பெருக்கி, அந்தத் தூரத்துக்குக் குறையாமல் உட்காருங்கள். 43 அங்குல டிவிக்கு ஏறக்குறைய ஐந்தரை அடி. தரைவிரிப்புக்குத் தடித்த கம்பளத்தைவிட வந்தவாசிக் கோரைப்பாயையே நான் விரும்புகிறேன். கோடையில் உடம்புக்குச் சூடு ஏற்றாது, தூசியை உதறிச் சுருட்டி வைக்கலாம், சோபாவின் முன்கால்கள் மட்டும் அதன் மேல் ஏறும்படி விரித்தால் நழுவாது.

இனி அலங்காரம். படங்களை எல்லோரும் மிக உயரத்தில் மாட்டுகிறார்கள். பழைய வீடுகளில் நிலைக்கு மேலே முன்சாய்வாக மாட்டியது, தரையில் அமர்ந்திருப்பவர் அண்ணாந்து பார்க்க வசதியாக இருந்தது. நாற்காலியும் சோபாவும் வந்த வீட்டில் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 58 அங்குலத்தில் இருப்பதே கண்ணுக்கு இதம். ஆணி அடிக்கும் இடம் அந்த 58 அல்ல. படத்தின் பின்னுள்ள கம்பியை விரலால் மேலே இழுத்துப் பிடித்து, சட்டத்தின் மேல்விளிம்பிலிருந்து கம்பி எவ்வளவு கீழே நிற்கிறது என்று அளங்கள். 24 அங்குல உயரப் படத்தில் கம்பி 3 அங்குலம் கீழே நின்றால், 58ஓடு பாதி உயரமான 12ஐக் கூட்டி, 3ஐக் கழித்தால் 67. அங்கே துளையிடுங்கள். மறைந்த பெரியவர்களின் படங்களை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். சாய்ந்து உட்காருபவரின் தலை படும் உயரத்தில் அவற்றை நாங்கள் மாட்டுவதில்லை.

கான்கிரீட் ஆணியைச் சுத்தியால் அடித்தால் பூச்சு பெயர்ந்து விழும். டிரில்லில் 6 மில்லிமீட்டர் துளையிட்டு, பிளக் செருகித் திருகாணி போடுவதே நல்லது. சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் கீழும் உள்ள கோட்டில் துளையிடவே கூடாது. மின்கம்பி பெரும்பாலும் அந்த வழியில்தான் சுவருக்குள் போகிறது. இரண்டு படங்களை ஒரே மட்டத்தில் மாட்ட, மேஸ்திரிகள் பயன்படுத்தும் தண்ணீர்க் குழாயைப் போல நம்பகமானது வேறில்லை. ஒளி புகும் குழாயில் தண்ணீர் ஊற்றி, குமிழி இல்லாமல் பார்த்து, இரண்டு முனையிலும் நீர்மட்டம் நிற்கும் இடத்தைப் பென்சிலால் குறித்தால் போதும்.

அலமாரித் தட்டில் பொருள்களை ஒரே வரிசையாக நிறுத்தாமல், உயரம் மாறுபட்ட மூன்றைச் சேர்த்து, தட்டின் மூன்றில் ஒரு பங்கைக் காலியாக விடுங்கள். காட்பாடிக்கு அருகே கரிகிரி மண்பாண்டத்துக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கிருந்து வாங்கிய ஒரு பச்சை ஜாடி எங்கள் கூடத்தில் இருக்கிறது. அதன் கழுத்துக்குக் கீழே கோடு கோடாகக் கீறிய வேலைப்பாட்டில் பூச்சு தேங்கி அடர்ந்தும், மேட்டில் மெலிந்தும் இருக்கும். காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது அந்த வேறுபாடு துலங்கும். முதலில் அதைச் சன்னலுக்கு நேர் முன்னே வைத்து, வெறும் கருநிழலாகவே பார்த்துக்கொண்டிருந்தோம். சன்னலை அடுத்த பக்கச் சுவருக்கு மாற்றிய பிறகே அதன் நிறம் தெரிந்தது. செதுக்கு வேலையும் பித்தளையும் அப்படித்தான்: வெளிச்சம் பக்கத்திலிருந்து வர வேண்டும். ஜாடிக்குள் கால் பங்கு மணல் நிரப்பினால் கை பட்டாலும் சாயாது.

பிற்சேர்க்கை: குடியாத்தத்திலிருந்து ஒருவர், எல்லாம் அளந்து வாங்கிய சோபா மாடிப்படித் திருப்பத்தில் ஏறவில்லை என்று எழுதியிருந்தார். நான் இதைச் சொல்ல மறந்தது தவறு. நிலைக்கதவின் அகலம், படிக்கட்டின் அகலம், திருப்பத்தில் உள்ள மேடையின் நீள அகலம் மூன்றையும் குறித்துக்கொண்டே கடைக்குப் போங்கள். கால்களும் சாய்மானமும் கழலும் சோபாவா என்று கேளுங்கள்.

மற்றொருவர், தம் தாயாரால் புதிய சோபாவிலிருந்து எழ முடியவில்லை என்றார். இருக்கை 17, 18 அங்குல உயரத்தில் இருக்க வேண்டும். முதியவர் உட்காரும் பக்கத்தில் பிடித்து எழக் கைப்பிடி வேண்டும். தாழ்ந்த சோபாவாக இருந்தால் அதன் அருகே கைவைத்த மர நாற்காலி ஒன்றை, மின்விசிறிக்கு நேராக, நிரந்தரமாக அவருக்கென்றே போட்டுவிடுங்கள்.

நவராத்திரி நெருங்கியதும் பலர் கேட்டது கொலு வைக்கும் இடம். ஐந்து படி, ஒவ்வொன்றும் 10 அங்குல ஆழம் என்றால் 50 அங்குலம். முன்னே உட்கார்ந்து பாட இன்னும் 36. இதற்கும் ஒரு காலண்டர் தாள் வெட்டி, நோட்டிலுள்ள வரைபடத்தோடு மடித்து வைத்திருக்கிறோம். அந்த ஒன்பது நாளும் டீப்பாய் படுக்கையறையில் கட்டிலின் தெற்கே உள்ள 42 அங்குல இடத்துக்கு, பீரோ கதவுக்குக் குறுக்கே வராமல் கிழக்குச் சுவரை ஒட்டிப் போய்விடும்.