இளைஞர் வேலைவாய்ப்புப் பயிற்சிக்கு அரசு நிதி கேட்பது எப்படி? தருமபுரி, கிருஷ்ணகிரியில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தருமபுரி பேருந்து நிலையத்தில் பெங்களூரு, திருப்பூர் பஸ் நிற்கும் பக்கம் போய்ப் பாருங்கள். தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு பென்னாகரம், ஏரியூர், அரூர்ப் பக்கத்துப் பையன்கள் நிற்பார்கள். கட்டட வேலை, பேக்கரி வேலை, பனியன் கம்பெனி என்று கிளம்புகிறவர்கள். பிளஸ் டூ முடித்தவர்களும் இருப்பார்கள், ஐடிஐயைப் பாதியில் விட்டவர்களும் இருப்பார்கள். இங்கே பக்கத்திலேயே ஓசூர், சூளகிரி, பர்கூர், போச்சம்பள்ளியில் தொழிற்சாலைகள் ஆள் எடுக்கின்றன. அந்த வேலைக்குத் தேவையான மூன்று மாதப் பயிற்சியை யாராவது கொடுத்து, வேலையில் சேர்த்து, முதல் சில மாதம் கூடவே நின்றால் பாதிப் பேராவது ஊருக்குப் பக்கத்தில் இருப்பார்கள்.

அதைச் செய்ய அரசிடம் நிதி இருக்கிறது. நம் ஊர்ச் சின்ன அறக்கட்டளைகளுக்கும் சங்கங்களுக்கும் அதை எப்படிக் கேட்பது என்று சொல்லித்தர ஆள் இல்லை. எனக்கும் யாரும் சொல்லித்தரவில்லை. இரண்டு முறை விண்ணப்பம் திரும்பி வந்த பிறகு கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லோரும் கருத்துரு, அதாவது என்ன செய்யப் போகிறோம் என்று விளக்கும் திட்ட அறிக்கை, எழுதுவதில் ஆரம்பிக்கிறார்கள். அதைக் கடைசியில் வையுங்கள். முதலில் பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல், அடுத்து கம்பெனியின் கடிதம், அதற்கப்புறம்தான் கருத்துரு.

முதல் படி: காகிதங்களைச் சரிபாருங்கள்

நிதி கேட்பது தனி ஆளாக இருக்க முடியாது. பதிவு செய்த அமைப்பாக இருக்க வேண்டும். அறக்கட்டளையாகவோ, 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவான சங்கமாகவோ, 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 8-ஆம் பிரிவுக் கம்பெனியாகவோ இருக்கலாம். விண்ணப்பிக்கச் சொல்லி அரசு வெளியிடும் அழைப்புகளில் பெரும்பாலும் மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கை கேட்பார்கள். அமைப்பு நேற்றுத்தான் பதிவானது என்றால் இந்த ஆண்டு விண்ணப்பிக்க அவசரப்படாதீர்கள். சின்னச் சின்ன வேலைகளைச் செய்து, கணக்கை ஒழுங்காக எழுதி, ஆடிட்டரிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: பதிவுச் சான்று, பைலா (சங்க விதிகள்) அல்லது அறக்கட்டளைப் பத்திரம், அமைப்பின் பெயரில் பான் அட்டை, வருமானவரித் துறையில் வரிவிலக்குக்கான பதிவு (வழக்கமாக 12ஏ பதிவு என்பார்கள்), நிதி ஆயோக்கின் என்.ஜி.ஓ. தர்பண் இணையத்தில் பதிந்து வாங்கிய எண், அமைப்பின் பெயரில் வங்கிக் கணக்கு, யார் கையெழுத்திடலாம் என்று நிர்வாகக் குழு போட்ட தீர்மானம். மத்திய அரசின் மானியம் என்றால் பி.எஃப்.எம்.எஸ். என்கிற பொது நிதி மேலாண்மை இணையத்திலும் அந்த வங்கிக் கணக்கைப் பதிய வேண்டும்.

எங்கள் முதல் விண்ணப்பம் எதனால் திரும்பியது தெரியுமா? அறக்கட்டளைப் பத்திரத்தில் 'கிராமிய', பான் அட்டையில் 'கிராம'. அவ்வளவுதான். கருத்துருவை யாரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. பான் அட்டையைத் திருத்தி வாங்குவதற்குள் கடைசித் தேதி போய்விட்டது. முப்பது பிள்ளைகளுக்கு நான் சொல்லிவைத்திருந்த பேச்சும் போயிற்று. ஆகவே ஒரு நாள் ராத்திரி எல்லாக் காகிதங்களையும் தரையில் பரப்பி வைத்துப் பெயர், முகவரி, இனிஷியல் மூன்றையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். தமிழில் எழுதியதை ஆங்கிலத்தில் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இரண்டாம் படி: எந்தக் கதவைத் தட்டுவது?

மாநில அளவில் முதல் கதவு தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம். 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தை நடத்துவதும் இந்தக் கழகம்தான். பயிற்சி நிறுவனமாகப் பதிந்துகொள்வதற்கான அழைப்பு அவர்கள் இணையதளத்தில் வரும். மாவட்டத்தில் இதற்கான ஆள் மாவட்ட திறன் பயிற்சி அலுவலகத்தின் உதவி இயக்குநர். ஆட்சியர் தலைமையிலான மாவட்டத் திறன் குழு, நம் மாவட்டத்துக்கு எந்தத் தொழிலில் பயிற்சி தேவை என்று திட்டம் போடும். அந்தத் திட்டத்தில் இல்லாத தொழிலுக்கு நீங்கள் நிதி கேட்டால் எடுபடுவது கஷ்டம். அதனால் அலுவலகத்துக்கு நேரில் போய் 'இந்த ஆண்டு எந்தெந்தத் தொழில் சேர்ந்திருக்கிறது?' என்று கேளுங்கள். திங்கட்கிழமை வேண்டாம். அன்று ஆட்சியரகத்தில் குறைதீர்க்கும் நாள், அலுவலர்கள் இருக்கையில் இருக்க மாட்டார்கள். செவ்வாய், புதன் நல்லது.

இரண்டாவது கதவு மகளிர் திட்ட அலுவலகம். ஊரக ஏழை இளைஞர்களுக்காக 2014 செப்டம்பரில் தொடங்கிய தீன் தயாள் உபாத்யாய கிராமியத் திறன் திட்டம் அவர்கள் வழியாகத்தான் நடக்கிறது. 15 முதல் 35 வயது வரை உள்ளவர்களுக்கானது. ஆனால் இதில் நூற்றுக்கணக்கான பேரைப் பயிற்றுவிக்கும் அளவுக்குக் கட்டடமும் முதலும் வேண்டும். புதியவர்கள் இதில் போய் நேராக விழக் கூடாது என்பது என் கருத்து. பட்டியல் சாதி இளைஞர்களுக்கான பயிற்சி என்றால், அவர்களுக்கான அரசுக் கழகமான தாட்கோவின் மாவட்ட மேலாளரைப் பாருங்கள்.

அனுபவமே இல்லை என்றால்? ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனம் இரண்டு மாவட்டத்திலும் இருக்கிறது. வங்கி நடத்துவது, சாப்பாட்டோடு இலவசப் பயிற்சி. அங்கிருந்து உங்களுக்குப் பணம் வராது. ஆனால் உங்கள் ஊரிலிருந்து ஒரு தொகுதிப் (பேட்ச்) பிள்ளைகளைத் திரட்டி அனுப்பி, முடிக்கும் வரை கூட இருந்தீர்கள் என்றால் அடுத்த ஆண்டு கருத்துருவில் எழுத உங்களுக்கு ஒரு உண்மையான பக்கம் இருக்கும்.

மூன்றாம் படி: பெயர்ப்பட்டியல்

ஒரு நோட்டு, ஒரு பேனா, இரண்டு பேர். வீடு வீடாகப் போங்கள். பெயர், வயது, படிப்பு, இப்போது செய்யும் வேலை, ஏற்கெனவே அரசுப் பயிற்சி ஏதாவது எடுத்தாரா, வெளியூரில் தங்க வீட்டில் விடுவார்களா, காலையில் முதல் பஸ் எத்தனை மணிக்கு. கடைசி இரண்டு கேள்விகளை யாரும் கேட்பதில்லை. தொகுதி பாதியில் கரைவது பெரும்பாலும் அந்த இரண்டு காரணத்தால்தான். பெண் பிள்ளைகள் வீட்டில் அம்மாவிடமும் தனியாகப் பேசுங்கள். 'ஓசூர்ல ஹாஸ்டல் எப்படிப்பா இருக்கும்? வாரத்துக்கு ஒருதரம் அனுப்புவாங்களா?' என்று அவர்தான் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருந்தால் அந்தப் பெண் வருவாள்.

தேன்கனிக்கோட்டை, தளி, கெலமங்கலம் பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் பிள்ளைகள் நிறைய. பயிற்றுநர் அதற்கு ஏற்றவரா என்று இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

காலத்தையும் பாருங்கள். மாசி, பங்குனியில் புளி தட்டும் வேலை. வைகாசி, ஆனியில் கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ்த் தொழிற்சாலைகளில் தினக்கூலிக்கு ஆள் எடுப்பார்கள். அந்த மாதங்களில் ஆரம்பித்த தொகுதியில் இரண்டாவது வாரமே நாற்காலி காலியாகும். கையில் வரும் கூலியை விட்டுவிட்டு வகுப்பில் உட்காரச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆடிக்குப் பிறகு ஆரம்பியுங்கள்.

நான்காம் படி: கம்பெனியின் கடிதம்

பட்டியலை எடுத்துக்கொண்டு மனிதவள அலுவலரைப் பாருங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம் நடத்தும் தனியார்துறை வேலைவாய்ப்பு முகாமுக்குப் போனால் ஒரே நாளில் பல கம்பெனிக்காரர்களைச் சந்திக்கலாம். கேட்க வேண்டியது: எத்தனை பேர், என்ன வேலை, மாதச் சம்பளம் எவ்வளவு, பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா, தங்கும் இடம், பஸ், வயது வரம்பு. 'ஒத்துழைப்பு அளிப்போம்' என்று மட்டும் எழுதிய கடிதத்துக்கு மதிப்பு இல்லை. எண்ணிக்கையும் சம்பளமும் எழுத்தில் வர வேண்டும், லெட்டர்பேடில், முத்திரையோடு.

ஐந்தாம் படி: கருத்துரு

இப்போது எழுத உட்காருங்கள். எங்கள் பழைய கருத்துருவின் முதல் வரி இது: 'கிராமப்புற இளைஞர்களின் வாழ்வாதாரத்தை மேம்படுத்தி, சமூகப் பொருளாதார மாற்றத்தை உருவாக்குவதே எங்கள் நோக்கம்.' இதைப் படித்து யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. மாற்றி எழுதியதன் வடிவம் இப்படி, எண்கள் மட்டும் மாதிரிக்கு: 'ஏரியூர் ஒன்றியத்தில் ஆறு ஊராட்சிகளில் வீடு வீடாக எடுத்த பட்டியலில் 18 முதல் 27 வயதுக்குள் நிலையான வேலை இல்லாதவர்கள் 64 பேர். இவர்களில் 41 பேர் பிளஸ் டூ முடித்தவர்கள், 23 பெண்கள் விடுதியில் தங்கி வேலை செய்யச் சம்மதித்துள்ளனர். பயிற்சி முடித்த 25 பேரை எடுத்துக்கொள்வதாக நிறுவனத்தின் கடிதம் இணைப்பு 4-இல் உள்ளது.'

மற்ற தலைப்புகள் விண்ணப்பப் படிவத்திலேயே இருக்கும். ஒன்றில் மட்டும் கவனம்: பயிற்சியின் பெயரைச் சொந்தமாக வைக்காதீர்கள். தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பில் உள்ள பாடத்தின் பெயரையும் குறியீட்டு எண்ணையும் அப்படியே எழுதுங்கள்.

ஆறாம் படி: பணக் கணக்கு

புதியவர்கள் கடனில் விழுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

அரசுப் பணம் இரண்டு வகை. ஒன்று மானியம்: முதலில் தருவார்கள், செலவுக்குக் கணக்குக் காட்ட வேண்டும், மிச்சத்தையும் வங்கி வட்டியையும் திருப்பிக் கட்ட வேண்டும். இன்னொன்று பயிற்சிக் கட்டணம்: ஒரு ஆளுக்கு ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று வேலைக்கு ஏற்பத் தவணையாக வரும். திறன் பயிற்சிகளில் பெரும்பாலும் இரண்டாவதுதான்.

2015 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட பொது விதிமுறைகள் தவணையை 30, 50, 20 சதவீதமாகப் பிரித்தன. தொகுதி தொடங்கும்போது 30, தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்கியதும் 50, வேலையில் சேர்ந்தது உறுதியானதும் 20. சான்றிதழ் வாங்கியவர்களில் 70 சதவீதம் பேர் மூன்று மாதத்துக்குள் வேலைக்குப் போனால் கடைசித் தவணை முழுதாக வரும். 50 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்தத் தவணை இல்லை. திட்டத்துக்குத் திட்டம் இது மாறும். உங்கள் அழைப்பில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் செல்லும்.

கணக்குக்கு எளிதாக மணிக்கு 40 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 30 பேர், 400 மணி நேரம். மொத்தம் 4,80,000 ரூபாய். முதல் தவணை 1,44,000. இரண்டாவது 2,40,000. மூன்றாவது 96,000. பயிற்றுநர் சம்பளமும் இட வாடகையும் மாதா மாதம் போகும். அரசுப் பணமோ ரசீது, சரிபார்ப்பு எல்லாம் முடிந்து வரும். நாள் தள்ளிப் போனாலும் வகுப்பை நிறுத்த முடியாது. குறைந்தது மூன்று மாதச் செலவு கையில் இல்லாமல் தொடங்காதீர்கள். நகையை அடகு வைத்துத் தொகுதி நடத்தியவர்களை எனக்குத் தெரியும். முப்பது பேர் பெரிதாகத் தெரிந்தால் இருபதில் தொடங்க அனுமதி உண்டா என்று கேளுங்கள்.

ஏழாம் படி: சமர்ப்பித்தலும் ஆய்வும்

ஒப்பந்தப்புள்ளி (டெண்டர்) வழியாக வரும் அழைப்பு என்றால் தமிழ்நாடு அரசின் ஒப்பந்தப்புள்ளி இணையத்தில் ஏற்ற வேண்டும். அதற்கு டிஜிட்டல் கையெழுத்துச் சான்று வாங்க வேண்டும், டெண்டருக்கான முன்வைப்புத் தொகையும் (டெபாசிட்) கட்ட வேண்டியிருக்கும். கடைசி நாளுக்கு மூன்று நாள் முன்பே ஏற்றிவிடுங்கள். ஒப்புகைச் சீட்டை அச்செடுத்து வையுங்கள்.

அப்புறம் அலுவலர் இடத்தைப் பார்க்க வருவார். கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, பெண்களுக்குத் தனியாக இருக்கிறதா, தீயணைப்புக் கருவியில் தேதி தாண்டவில்லையா, இயந்திரங்கள் படிவத்தில் எழுதிய எண்ணிக்கையில் இருக்கின்றனவா என்று பார்ப்பார். வாடகை ஒப்பந்தம் பயிற்சிக் காலம் முழுவதையும் தாண்டியிருக்க வேண்டும்.

எட்டாம் படி: நிதி கிடைத்த பிறகு

வருகைப்பதிவு பெரும்பாலும் ஆதாரோடு இணைந்த கைரேகைக் கருவியில். எங்கள் தொகுதியில் ஒரு பெண், சிறு வயதிலிருந்து புளி தட்டி விரல் நுனி தேய்ந்தவள். நாலு முறை விரலை வைத்தாள், துடைத்து வைத்தாள், ஐந்தாவது முறையும் சிவப்பு விளக்குதான். 'அண்ணா, மெஷினுக்கு என்னைத் தெரியலியாம்' என்று கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். ஆதார் மையத்துக்குக் கூட்டிப்போய்க் கைரேகையைப் புதுப்பித்தோம், அதன்பின் பதிந்தது. அதுவரை ஒன்பது நாள் வருகை கணக்கில் ஏறவில்லை. வகுப்பு தொடங்குவதற்கு முன்பே எல்லோர் விரலையும் ஒருமுறை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

மத்திய அரசின் மானியம் என்றால் நிதியாண்டு முடிந்து 12 மாதத்துக்குள் ஜி.எஃப்.ஆர். (பொது நிதி விதிகள்) 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழ், அதாவது பணத்தைச் சொன்ன வேலைக்கே செலவழித்தோம் என்ற சான்று, தர வேண்டும். அது போகாமல் அடுத்த நிதி வராது. அதனால் ஜூன் மாதத்துக்குள் ஆடிட்டரை முடிக்கச் சொல்லுங்கள். ரசீதுகளைத் தேதிவாரியாக ஒட்டி, பின்புறம் எதற்காக என்று எழுதி வையுங்கள்.

பிள்ளைகள் வேலைக்குப் போனதும் தொடர்பு அறுந்துவிடும். ஓசூர் போன முதல் மாதமே சிம் மாற்றிவிடுவார்கள். சேரும் அன்றே இரண்டு எண் வாங்குங்கள், ஒன்று அவர்களுடையது, இன்னொன்று அம்மாவுடையதோ ஊரில் இருக்கும் அக்காவுடையதோ. முதல் மாதம் வாரம் ஒருமுறை பேசுங்கள். சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா, சூப்பர்வைசர் எப்படி என்று முதலில் கேளுங்கள். விட்டுவிட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் அந்த முதல் மாதத்தில்தான் வருகிறார்கள். பிறகு ஒவ்வொரு மாதமும் சம்பளம் விழுந்ததும் சம்பளச் சீட்டையும் வங்கிப் பாஸ்புக்கில் அந்தப் பக்கத்தையும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அந்தப் படங்கள் கையில் இருந்தால்தான் கடைசித் தவணையான 96,000 ரூபாய்க்கு எழுதிக் கேட்க முடியும்.