பெயர்ப் பட்டியல் இல்லாமல் ஓணான் மண்டை ஓட்டைப் படிக்கலாம்

புதிதாகப் படிக்க வருகிறவர்கள் நேராக எலும்புப் பெயர்களை மனப்பாடம் செய்யப் போய்விடுகிறார்கள். அது வேண்டாம். துளைகளும் குழிகளும் எங்கே என்று முதலில் பாருங்கள், பெயர்கள் தானாக ஒட்டிக்கொள்ளும். வாய் இடப்பக்கம் பார்க்கிற மாதிரி ஓணான் மண்டை ஓட்டுப் படம் ஒன்று, அதையே மேலிருந்தும் அடியிலிருந்தும் காட்டும் படங்கள், ஒரு வெள்ளைத்தாள், பென்சில் போதும்.

படி 1: கண்குழியை வரையுங்கள். அதன் முன்னால் பிரீஃபிரான்டல், மேலே ஃபிரான்டல், கீழே ஜூகல், பின்னால் போஸ்ட்ஆர்பிட்டல்.

படி 2: மூக்கு நுனியில் இருக்கும் சின்ன எலும்பு பிரீமாக்ஸில்லா, அதை அடுத்து பல்வரிசையோடு நீள்வது மாக்ஸில்லா. பற்களை உற்றுப் பாருங்கள்: ஓணானுக்குப் பெரும்பாலான பற்கள் தாடை விளிம்பின் உச்சியிலேயே ஒட்டியிருக்கும், உடும்புக்குத் தாடையின் உட்பக்கச் சரிவில்.

படி 3: இப்போது மேலிருந்து பாருங்கள். ஃபிரான்டலும் அதன் பின்னால் உள்ள பெரைட்டலும் சேரும் இடத்தில் ஒரு சிறு துளை தெரியும். ஒளியை உணரும் மூன்றாவது கண்ணுக்கான துளை அது! உடும்பில் அது பெரைட்டலுக்குள்ளேயே இருக்கும், வீட்டுப் பல்லிக்குக் கிடையாது.

படி 4: பக்கவாட்டுப் படத்துக்குத் திரும்புங்கள், இங்கேதான் நிதானம் வேண்டும். கண்குழிக்குப் பின்னால், போஸ்ட்ஆர்பிட்டலும் அதற்குப் பின்னால் உள்ள ஸ்குவாமோசலும் சேர்ந்து ஒரு எலும்புப் பாலம் போடுகின்றன, அதற்கு மேலே ஒரு துளை. பாலத்துக்குக் கீழே பாருங்கள், அடியில் மூடுவதற்கு இன்னொரு பாலம் இல்லை, திறந்தே கிடக்கிறது. நியூசிலாந்தின் டுவாட்டாரா மண்டை ஓட்டைப் பக்கத்தில் வைத்தால் அதில் கீழ்ப்பாலம் முழுசாக இருப்பது தெரியும் (அது பார்க்கப் பல்லி மாதிரி இருக்கும் ஊர்வன, ஆனால் பல்லி இனம் இல்லை, தனி வகை). சரி, கீழ்ப்பாலம் இல்லாததால் என்ன? ஸ்குவாமோசலின் கீழ் தொங்கும் குவாட்ரேட் எலும்பை அடியில் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை, அதனால் பல இனங்களில் அது ஊஞ்சல் போல முன்னும் பின்னும் ஆடும், கூடவே அதில் மாட்டியிருக்கும் கீழ்த்தாடையும் நகரும். பல்லி இன மண்டை ஓட்டில் ஒரே ஒரு எலும்பைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் குவாட்ரேட்டை வையுங்கள்.

படி 5: அடியிலிருந்து காட்டும் படத்தைப் பாருங்கள். வாயின் மேற்கூரையில் முன்னிருந்து பின்னாக வோமர், பாலட்டைன், டெரிகாய்டு. டெரிகாய்டு பின்னால் போய் குவாட்ரேட்டைத் தொடும்.

படி 6: கீழ்த்தாடையில் பல் இருப்பது டென்டரியில் மட்டும். பல்வரிசை முடிந்ததும் மேலே எழும்பி நிற்பது கொரோனாய்டு, கடைசியில் குவாட்ரேட்டோடு மூட்டுப் போடுவது ஆர்ட்டிகுலர்.

அப்புறம் படங்களை மூடிவிட்டு, வீட்டுப் பல்லியின் மண்டை ஓட்டில் இதே வரிசையில் தேடுங்கள். படி 4-ல் பார்த்த மேல்பாலமும் அதில் இருக்காது.