கடைக் கணினியும் கடன் பேரேடும்

திருநெல்வேலி ஜங்ஷனில் பம்புசெட்டும் பைப்பும் விற்கும் கடை ஒன்றில் நான் கணக்கு எழுதத் தொடங்கி இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கடையில் நாங்கள் நான்கு பேர்: முதலாளி அண்ணாச்சி, நான், கவுண்டரில் நிற்கும் தம்பி, பில் போடும் பெண். கணினி இரண்டு, பிரிண்டர் ஒன்று. பெரிய நிறுவனங்களில் கணினியைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஆள் இருப்பார். நம்மைப் போன்ற கடைகளில் பில் போடுகிறவரும் நாம்தான், பழுதானால் நிற்கிறவரும் நாம்தான். அப்படிப்பட்ட கடைக்காரர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

2023 டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை, கடைக்கு விடுமுறை. அன்று பிடித்த மழை மறுநாளும் விடவில்லை. தாமிரபரணி கரைபுரண்டு ஜங்ஷன் பஸ் நிலையமே தண்ணீருக்குள் போனது. வடிந்தபின் ஷட்டரைத் தூக்கிப் பார்த்தால், மேசைக்கு அடியில் இருந்த கணினிப் பெட்டியும் யு.பி.எஸ்ஸும் சேற்றோடு சேறாகக் கிடந்தன. தினமும் கணக்கைப் பிரதி எடுத்து வைத்த பென் டிரைவ் அதே மேசையின் கீழ் இழுப்பறையில் இருந்தது. ஒருநாள்கூடத் தவறாமல் பிரதி எடுத்திருந்தேன். ஆனால் மூலமும் பிரதியும் ஒன்றரை அடி தூரத்தில் இருந்ததால் இரண்டும் ஒரே தண்ணீரில் போயின.

அதற்குப் பிறகு நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். செப்டம்பர் முடிவு வரையிலான கணக்கின் பிரதி ஆடிட்டரிடம் இருந்தது. மீதி இரண்டரை மாதத்தை நாங்கள் திரும்பக் கட்டினோம். நாங்கள் வாங்கிய சரக்கு ஜி.எஸ்.டி. தளத்தின் 2பி அறிக்கையில் இருந்தது. சரக்கு விற்றவர்கள் தாக்கல் செய்தவை எல்லாம் பில் எண்ணோடு அதில் ஏறியிருக்கும். ஜி.எஸ்.டி. எண் உள்ள வியாபாரிகளுக்கு நாங்கள் விற்றது, நாங்களே தாக்கல் செய்த ஜி.எஸ்.டி.ஆர். 1 என்ற விற்பனை அறிக்கையில் பில்வாரியாக இருந்தது. பணம் வந்ததும் போனதும் வங்கி அறிக்கையில் கிடைத்தன. விவசாயிகளிடம் நின்ற கடன் மட்டும் எங்கேயும் இல்லை. ஜி.எஸ்.டி. எண் இல்லாத சில்லறை விற்பனையை வரி விகிதவாரியாக மொத்தமாகத்தான் தாக்கல் செய்கிறோம். அதில் பெயர் இருக்காது.

பிசானம் என்று நாங்கள் சொல்லும் நெல் பருவத்துக்கு நடவு வேலைகள் நடந்துகொண்டிருந்த நேரம் அது. மோட்டாரும் கேபிளும் கடனுக்குப் போயிருந்தன. சேரன்மகாதேவிப் பக்கத்திலிருந்து ஒருவர், நனைந்து காய்ந்த பில்லை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தாமாகவே வந்தார். "அண்ணாச்சி, என் கணக்கு 18,500. எழுதிக்கொள்ளுங்கள், அறுத்ததும் தருகிறேன்" என்றார். அவரைப்போல் பலர் வந்தார்கள். எல்லோரும் வரவில்லை.

அன்றைக்கு எனக்குப் புரிந்தது, வாங்கியதற்கும் வரிக்கும் வெளியே சாட்சி உண்டு, யார் நமக்கு எவ்வளவு தர வேண்டும் என்பதற்கு நம் பேரேட்டைத் தவிர வேறு சாட்சி கிடையாது என்பது. அலுவலகக் கணினியில் எதைச் செய்தாலும் அந்தப் பேரேட்டைக் காப்பது முதல் வேலை. மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

கணினிப் பெட்டி தரையில் இருக்கக் கூடாது. மேசைமேல் இடமில்லை என்றால் சுவரில் இரும்புச் சட்டம் அடித்து நெஞ்சு உயரத்தில் வையுங்கள். யு.பி.எஸ்ஸும் அப்படியே. வெள்ளம் வராத தெருவிலும் ஈரத் துடைப்பமும் தூசியும் வரும். புதிதாக வாங்குவதானால் மடிக்கணினியே சிறு கடைக்குப் பொருத்தம் என்பது என் கருத்து. மின்சாரம் போனால் பில் பாதியில் நிற்காது, எச்சரிக்கை வந்தால் கையோடு தூக்கிக்கொண்டு போய்விடலாம். பழைய கணினியில் விண்டோஸ் 10 ஓடுகிறது என்றால், 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு அதற்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி பிரதி. நாங்கள் இப்போது மூன்று இடத்தில் வைக்கிறோம். மாலையில் கடை அடைக்கும் முன், நாங்கள் கணக்கு எழுதும் மென்பொருளான டேலியில் ஆல்ட் விசையோடு ஒய் விசையை அழுத்தி, பேக்கப் எடுத்து, அன்றைய தேதியிட்ட கோப்புறையில் போட்டு, அதைக் கூகுள் டிரைவில் ஏற்றுவது தினசரி வேலை. சனிக்கிழமை தோறும் ஒரு ஹார்ட் டிஸ்கில் பிரதி எடுக்கிறோம். இதற்கென்று இரண்டு டிஸ்க் வைத்திருக்கிறோம். ஒன்று கடையில் இருக்கும்போது இன்னொன்று பாளையங்கோட்டையில் அண்ணாச்சியின் வீட்டில் மாடி அலமாரியில் இருக்கும். சனிக்கிழமை இரண்டும் இடம் மாறும். பிரதி எடுத்தவுடன் டிஸ்கைக் கழற்றிவிட வேண்டும். செருகியபடியே விட்டால், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் நுழையும் நாளில் அந்தப் பிரதியையும் சேர்த்துப் பூட்டிவிடும். கடன் பாக்கிப் பட்டியலை மட்டும் மாதம் ஒருமுறை காகிதத்தில் அச்சிட்டு, அண்ணாச்சி கையெழுத்துப் போட்டு, வீட்டுக்கு எடுத்துப் போகிறார். பத்துப் பக்கம்தான் வரும். அந்தப் பத்துப் பக்கம் அன்றைக்கு இருந்திருந்தால் எங்களுக்குப் பாதிக் கவலை இருந்திருக்காது.

அடுத்து பெயர்கள். நம் பக்கத்தில் இசக்கிமுத்து, சுடலைமுத்து, பேச்சிமுத்து, மாடசாமி என்ற பெயர்கள் ஊருக்கு ஊர் உண்டு. ஆங்கிலத்தில் தட்டும்போது ஒருவர் இசக்கியை ஆங்கில 'ஐ' எழுத்தில் தொடங்குவார், இன்னொருவர் 'ஈ' எழுத்தில் தொடங்குவார். ஒரே ஆளுக்கு இரண்டு கணக்கு முளைக்கும். ஒன்றில் கடன் நிற்கும், மற்றொன்றில் அவர் கட்டிய பணம் வரவாக நிற்கும். கட்டிய பணத்தை மறுபடி கேட்டால் வாடிக்கையாளர் மனம் நொந்துபோவார். அதேபோல் இரண்டு ஆட்கள் ஒரே கணக்கில் கலந்துவிடுவதும் உண்டு. இதற்கு நாங்கள் கண்ட வழி: முதலில் ஊர், பிறகு பெயர், கடைசியில் போன் எண்ணின் கடைசி நான்கு இலக்கம். 'முன்னீர்பள்ளம் இசக்கிமுத்து 4417' என்று ஏறிவிட்டால் குழப்பமே இல்லை. ஊர் முதலில் வருவதால், வசூலுக்குப் போகும் நாளில் மானூர்ப் பக்கத்துக் கணக்குகள் எல்லாம் பட்டியலில் ஒன்றாக நிற்கும். புதுக் கணக்கு திறக்கும் உரிமையை ஒருவரிடம் மட்டும் கொடுங்கள். எங்கள் கடையில் அது நான்.

சரக்குப் பெயரிலும் இதே தொல்லை. விவசாயி "இரண்டு இஞ்ச் பைப்" என்பார். கம்பெனி பில்லில் 63 மி.மீ. என்று இருக்கும். இரண்டும் ஒன்றே. பெயர் தெரியாமல் பில் போடும் பெண் புதிதாக ஒரு சரக்கைத் திறந்துவிட்டால், ஸ்டாக்கில் ஒன்று மைனஸில் போகும், மற்றொன்று விற்காமலே கிடப்பதாகக் காட்டும். டேலியில் ஒவ்வொரு சரக்குக்கும் மாற்றுப்பெயர் போட இடம் இருக்கிறது. 'பைப் பி.வி.சி. 63 மி.மீ. 6 கிலோ' என்பதற்கு '2 இஞ்ச் பைப்' என்று மாற்றுப்பெயர் கொடுத்துவிட்டால் எதைத் தட்டினாலும் அதே சரக்கு வந்து நிற்கும். 75 மி.மீ. என்றால் இரண்டரை இஞ்ச், 90 என்றால் மூன்று, 110 என்றால் நான்கு. பொருளின் வகை முதலில், அளவு பிறகு, தாங்கும் அழுத்தம் (மேலே சொன்ன '6 கிலோ' அதுதான்) கடைசியில் என்று ஒரே வரிசையை எல்லாச் சரக்குக்கும் வையுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எழுநூறு சரக்குக்கு இதைச் செய்தேன். மார்ச் மாத இருப்பு எடுக்க முன்பு நான்கு நாள் ஆகும். இப்போது ஒன்றரை நாளில் முடிகிறது.

எக்செலில் நான் கண்ணால் கண்ட ஒரு விபத்தைச் சொல்கிறேன். சப்ளையர்களின் வங்கிக் கணக்கு எண்களை ஒரு தாளில் தட்டி வைத்திருந்தோம். ஒருவருடைய கணக்கு எண் 16 இலக்கம், 6-இல் முடிவது. பணம் அனுப்பினால் திரும்பி வந்தது. உற்றுப் பார்த்தால் தாளில் அந்த எண் 0-வில் முடிகிறது. தட்டியவள் சரியாகத்தான் தட்டியிருக்கிறாள். எக்செல் எண்ணாக எடுத்துக்கொள்ளும் எதிலும் 15 இலக்கம்வரைதான் வைத்திருக்கும், 16-ஆவதைப் பூஜ்யமாக்கிவிடும். இலக்கம் போனபின் கட்டத்தின் வடிவத்தை மாற்றினாலும் திரும்பி வராது. எனவே கணக்கு எண், போன் எண் போன்ற பத்திகளைத் தட்டத் தொடங்கும் முன்பே 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிடுங்கள். எண்ணுக்கு முன்னால் இருக்கும் பூஜ்யங்கள் உதிர்ந்துபோவதும் இதனால் நிற்கும். வங்கிக் கிளையைக் குறிக்கும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு 11 எழுத்து. அதில் ஐந்தாவது எப்போதும் பூஜ்யம், ஆங்கில 'ஓ' அன்று.

ஜி.எஸ்.டி. எண் 15 எழுத்து. தமிழ்நாட்டு எண் 33-இல் தொடங்கும், அடுத்த பத்து அவருடைய பான் எண். புது வியாபாரி எண்ணைச் சொன்னால் அப்படியே எழுதிக்கொள்ளாமல், ஜி.எஸ்.டி. தளத்தில் தேடிக் கடையின் பெயர் சரியாக வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பில் போடுங்கள். தவறான எண்ணில் போட்டால், அவர் தம் வரியில் கழித்துக்கொள்ள வேண்டிய வரவு வேறொருவருக்குப் போய்விடும். பில் எண் 16 எழுத்துக்குள் இருக்க வேண்டும், ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வரக் கூடாது. ஏப்ரல் முதல் தேதி புதுத் தொடர் தொடங்குங்கள், ஆண்டை முன்னால் போடுங்கள்.

கோப்புகளுக்குப் பெயர் வைப்பது சிறு வேலைதான். முதலில் ஆண்டு, பிறகு மாதம், பிறகு தேதி, அதன்பின் என்ன என்பது: '2025-06-14 வாடகை ரசீது'. இப்படி வைத்தால் தாமாகவே வரிசையில் நிற்கும். 'புதியது', 'கடைசி', 'கடைசி சரியானது' என்றெல்லாம் வைத்தால் அடுத்த மாதம் நமக்கே தெரியாது. டெஸ்க்டாப்பில் எதையும் சேமிக்க வேண்டாம்.

தமிழில் கடிதமும் விலைப்பட்டியலும் தயாரிக்கிறவர்கள் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களை விட்டு யூனிகோடுக்கு வந்துவிடுங்கள். பழைய எழுத்துருவில் அடித்த பெயரைத் தேடினால் கிடைக்காது, வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். விசைப்பலகைக்குத் தமிழ் 99 பழகுங்கள். எங்கள் பில் போடும் பெண் மூன்று வாரத்தில் பழகிவிட்டாள். இப்போது விவசாயிகளுக்குப் பாக்கி விவரத்தைத் தமிழிலேயே அனுப்புகிறோம், வீட்டில் பிள்ளைகளைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லாமல் அவர்களே படித்துக்கொள்கிறார்கள்.

பணம் கட்டியதாக யாராவது போனில் படத்தைக் காட்டினால், அது வரவு ஆகாது. கடையின் வங்கிச் செயலியில் பணம் ஏறியதைப் பார்த்தபின்தான் ரசீது. சப்ளையர் கணக்கு எண் மாறிவிட்டதாக மின்னஞ்சல் வந்தால், ஏற்கெனவே நம்மிடம் இருக்கும் அவருடைய போன் எண்ணில் கூப்பிட்டுக் கேட்காமல் பணம் அனுப்பக் கூடாது. ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணில் புகார் சொல்லுங்கள், நேரம் கடந்தால் பணத்தை நிறுத்துவது கடினம்.

கடவுச்சொற்கள் ஒரே ஆளின் தலைக்குள் இருக்கக் கூடாது. எங்களுடையவை ஒரு நோட்டில் எழுதி உறையிலிட்டு அண்ணாச்சி வீட்டுப் பெட்டகத்தில் இருக்கின்றன. ஓ.டி.பி. வரும் போன் எண் வேலைக்காரர் எண்ணாக இல்லாமல் கடையின் எண்ணாக இருக்கட்டும். அவர் வேறு வேலைக்குப் போய்விட்டால் ஜி.எஸ்.டி. தளத்துக்குள் நுழையவே வழியில்லாமல் போகும்.

கடைசியாக ஒன்று, இதைத்தான் பெரும்பாலோர் செய்வதில்லை. எடுத்த பிரதி திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலை, வீட்டிலிருந்து வந்த ஹார்ட் டிஸ்கை இரண்டாவது கணினியில் செருகி, 'சோதனை' என்ற தனிக் கோப்புறையில் கணக்கை மீட்டெடுக்கிறோம். நடப்புக் கணக்கு இருக்கும் கோப்புறையிலேயே மீட்டால் புதியதன்மேல் பழையது ஏறிவிடும், அதில் மிகுந்த கவனம் வேண்டும். இதை நான் செய்வதில்லை, பில் போடும் பெண்தான் செய்கிறாள். நான் அருகில் கை கட்டி உட்கார்ந்திருப்பேன். திறந்ததும் அண்ணாச்சி கல்லாவிலிருந்தே ஒரு பெயரைச் சொல்வார், அவள் பாக்கியைப் படிப்பாள். போன மாதம் சேரன்மகாதேவிக்காரர் பெயரைச் சொன்னார். "அவருக்குப் பாக்கி ஒன்றும் இல்லை அண்ணாச்சி, மார்ச்சிலேயே கட்டிவிட்டார்" என்றாள். அச்சிட்ட பட்டியலோடு ஒத்துப்பார்த்து, நோட்டில் தேதி போட்டுக் கையெழுத்திட்டாள்.