யானைமலையைப் பார்த்துவிட்டுச் செவ்வாய்க்குப் போங்கள்

மதுரையிலிருந்து மேலூர் ரோட்டில் போகும்போது பார்த்தால் யானைமலை படுத்திருக்கும் யானையேதான். சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனால் யானையைக் காணோம், வெறும் பாறை. 1976-ல் வைக்கிங் 1 விண்கலம் செவ்வாய்க் கோளில் எடுத்த படத்தில் மனித முகம் தெரிந்ததும் இதே கதைதான்: ஒரு குன்று, சாய்ந்த வெயில், நிழல். 2001-ல் தெளிவான படம் வந்ததும் முகம் மறைந்துவிட்டது, வாட்ஸ்அப்பில் மட்டும் இன்னும் சுற்றுகிறது. பூமிக்கு வெளியே உயிரைத் தேடும்போது, உருவத்தை வைத்துத் தேடுவது முதல் தவறு.

அடுத்தது, சூரியனிலிருந்து எவ்வளவு தூரம் என்று மட்டும் கணக்குப் போடுவது. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். வெள்ளி கிட்டத்தட்ட பூமியின் அளவுதான், ஆனால் தரையில் சுமார் 460 டிகிரி வெப்பம். பூமியில் மழையோடு கரையும் கரியமில வாயு பாறையை அரித்து, கடலடியில் சுண்ணாம்புக் கல்லாகப் படிந்து, நிலத்தட்டுகளோடு உள்ளே போய், எரிமலை வழியாகத் திரும்ப வெளியே வருகிறது. அந்தச் சுழற்சி இன்று வெள்ளியில் இல்லை, வாயு முழுக்க மேலேயே நின்று வெப்பத்தைப் பிடித்துவைத்துவிட்டது. மறுபக்கம் என்செலடஸைப் பாருங்கள். சனியின் நிலா, குறுக்களவு 500 கிலோமீட்டர், அதாவது மதுரையிலிருந்து சென்னைக்குப் போகிற தூரத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். சனியின் ஈர்ப்பு அதைப் பிசைந்துகொண்டே இருப்பதால் உள்ளே சூடு, பனிக்கட்டிக்கு அடியில் கடல். அங்கிருந்து பீய்ச்சியடிக்கும் நீருக்குள் காசினி விண்கலம் புகுந்து போனபோது ஹைட்ரஜன் கிடைத்தது, 2017-ல் அறிவித்தார்கள். வெந்நீரும் பாறையும் உரசுகின்றன என்பதற்கு அது அடையாளம், நுண்ணுயிருக்கு அதுவே சாப்பாடாகலாம்.

'எந்தக் கல்லைத் தோண்டினாலும் தடயம் கிடைக்கும்' என்பது இன்னொன்று. யானைமலையை உடைத்தால் புதைபடிவம் கிடைக்காது, ஆழத்தில் வெந்து உருவான கல் அது. அரியலூரில் கிடைக்கும், அங்கே கடல் வண்டல். அதனால்தான் 2021-ல் பெர்சிவரன்ஸ் ஊர்தியைச் செவ்வாயின் ஜெசேரோ பள்ளத்தில் இறக்கினார்கள். ஒரு காலத்தில் ஆறு வந்து விழுந்த, 45 கிலோமீட்டர் அகலமுள்ள பெரிய கண்மாய் என்று வைத்துக்கொள்ளுங்களேன். தேடுவது அதன் கரம்பையைத்தான்.

2024-ல் அங்கே ஒரு கல்லில் சிறுத்தைப் புள்ளி போன்ற தடங்கள் தெரிந்தன. உடனே 'உயிர் கிடைத்துவிட்டது' என்று பரப்பாதீர்கள், அப்படிப்பட்ட கனிமங்கள் உயிரில்லாமலும் உருவாகலாம். குடைந்தெடுத்த துண்டு ஒரு குழாயில் அடைபட்டுச் செவ்வாயிலேயே கிடக்கிறது.