ஸ்னாப்ஷாட்டைத் தனியாகத் தூக்காதீர்கள்

2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளம் வந்தபோது, வண்ணார்பேட்டைக் கடையின் தரைத்தள சர்வரிலிருந்து டிஸ்க்கைக் கழற்றி, துண்டில் சுற்றிப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோனேன். எல்விஎம் (லினக்ஸில் டிஸ்க் இடத்தை வால்யூம்களாகப் பிரித்து நிர்வகிக்கும் முறை) மூலம் இரண்டு டிஸ்க்குகளைச் சேர்த்து உருவாக்கிய வால்யூம் குரூப் அது. நல்லவேளை, இரண்டையும் எடுத்திருந்தேன். ஸ்னாப்ஷாட் என்பது ஒரு வால்யூம் குறிப்பிட்ட நேரத்தில் இருந்த நிலையின் பதிவு. ஆனால் சாதாரண எல்விஎம் ஸ்னாப்ஷாட்டில், அதன்பின் மாறிய பிளாக்குகளின் பழைய நகல் மட்டுமே இருக்கும். மூல வால்யூமும் சேர்ந்து வராவிட்டால் அது எதற்கும் உதவாது.

டிஸ்க்குகளையே எடுத்துப் போவதென்றால், முதலில் அன்மவுண்ட். அப்புறம் குரூப்பை நிறுத்த 'விஜிசேஞ்ச் -ஏ என்', வெளியே கொண்டுபோகத் தயார் செய்ய 'விஜிஎக்ஸ்போர்ட்'. புதிய சர்வரில் 'விஜிஇம்போர்ட்', 'விஜிசேஞ்ச் -ஏ ஒய்', மவுண்ட். சரி, ஃபைல்சிஸ்டம் எக்ஸ்எஃப்எஸ் என்றால்? மூலத்துக்கும் ஸ்னாப்ஷாட்டுக்கும் ஒரே யுயுஐடி (ஃபைல்சிஸ்டத்தின் அடையாள எண்), அதனால் இரண்டும் ஒரே நேரத்தில் மவுண்ட் ஆகாது. இரண்டாவதை 'நோயுயுஐடி' போட்டு மவுண்ட் செய்யுங்கள்.

டிஸ்க்கைக் கழற்றாமல் நெட்வொர்க் வழியென்றால், புதிய சர்வரில் மூல வால்யூமின் அளவுக்கே புது வால்யூம் உருவாக்கி, ஸ்னாப்ஷாட்டை 'டிடி'யால் படித்து எஸ்எஸ்ஹெச் வழியே அதில் எழுதுங்கள். நகல் ஓடும்போது 'எல்விஎஸ்' காட்டும், ஸ்னாப்ஷாட் எவ்வளவு நிரம்பியது என்ற சதவீதத்தில் கண் இருக்கட்டும். 100 தொட்டால் ஸ்னாப்ஷாட் செல்லாது. அதற்குள் 'எல்விஎக்ஸ்டெண்ட்' கொடுத்து அதன் இடத்தைக் கூட்டிவிடுங்கள்.