ஆராய்ச்சிக்கு என்று தாளை நீட்டினால்: கையெழுத்துக்கு முன் குடும்பம் கேட்க வேண்டியவை

அம்மாவின் ஆபரேஷனுக்கு முந்தின இரவு, கவுண்டரில் ஒரு கட்டுத் தாளைத் தள்ளி "இங்கே, இங்கே, அப்புறம் இங்கே" என்று கையெழுத்து வாங்கினார்கள். நானும் போட்டேன். வீட்டுக்கு வந்து ஃபைலைப் பிரித்தபோதுதான் தெரிந்தது, மூன்றாவது தாள் சிகிச்சைக்கே இல்லை, எடுக்கும் திசுவில் மிஞ்சுவதை ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ள அனுமதி. அம்மா நல்ல நினைவோடுதான் இருந்தார். அவரிடம் கேட்டிருந்தால் தாராளமாகச் சரி என்றிருப்பார். ஆனால் யாரும் கேட்கவில்லை, நானும் சேர்த்துத்தான்.

அதற்குப் பிறகுதான் ஹென்ரியெட்டா லாக்ஸ் குடும்பத்தின் கதையைத் தேடித்தேடிப் படித்தேன். 1951 ஜனவரியில் அமெரிக்காவின் பால்டிமோரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கு வந்த கறுப்பினப் பெண், ஐந்து குழந்தைகளின் தாய், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். ரேடியம் சிகிச்சையின்போது அவரைக் கேட்காமலேயே ஒரு துணுக்குத் திசுவை எடுத்து ஜார்ஜ் கய் என்பவரின் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே வந்த மற்ற செல்களெல்லாம் சில நாளில் செத்துப்போக, இவருடையவை மட்டும் ஏறக்குறைய ஒரு நாளுக்கு ஒருமுறை இரட்டித்துக்கொண்டே போயின. அக்டோபர் 4 அன்று 31 வயதில் அவர் இறந்துவிட்டார், 'ஹீலா' என்ற பெயரில் அந்தச் செல்கள் உலகம் முழுக்கப் போய்விட்டன. போலியோ தடுப்பூசியைச் சோதித்ததும், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸைப் புரிந்துகொண்டதும் அவற்றின் உதவியால்தான். வீட்டாருக்கோ இருபது வருஷத்துக்கு மேல் இதில் ஒன்றுமே தெரியாது.

சரி, நாம் என்ன செய்யலாம்?

முதலில் தாள்களைப் பிரித்துப் போடுங்கள். ஒவ்வொன்றையும் காட்டி "இது சிகிச்சைக்கா, ஆராய்ச்சிக்கா?" என்று கேளுங்கள். ஆராய்ச்சித் தாளுக்கு மறுப்புச் சொன்னால் சிகிச்சை நின்றுவிடுமோ என்ற பயம்தான் நம்மில் பலரைக் கையெழுத்துப் போடவைக்கிறது. நிற்கக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளும் சம்மதம் தன்விருப்பமாக இருக்க வேண்டும், எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்றுதான் சொல்கின்றன. நோயாளி நினைவோடு இருந்தால் கையெழுத்து அவருடையது, மகனுடையதோ மருமகளுடையதோ அல்ல.

அடுத்து, புரிகிற மொழியில் சொல்லச் சொல்லுங்கள். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், 1973 வாக்கில் ஆராய்ச்சியாளர்கள் ஹென்ரியெட்டாவின் பிள்ளைகளிடம் ரத்தம் எடுக்க வந்தார்கள். ஹீலா செல்கள் மற்ற ஆய்வகச் செல்களோடு கலந்துவிட்டிருந்தன, எது எது என்று பிரித்தறிய குடும்பத்தின் ரத்தம் தேவைப்பட்டது. ஆனால் அதிகம் படித்திராத கணவருக்குப் புரிந்தது வேறு, அம்மாவுக்கு வந்த புற்றுநோய் பிள்ளைகளுக்கும் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். தாய் இறந்த வயதை நெருங்கிக்கொண்டிருந்த மகள், வராத ஒரு ரிசல்ட்டுக்காகப் பயந்து பயந்து காத்திருந்தாள். ஊசி குத்தியவர்கள் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து விளக்கியிருந்தால் அந்தப் பயம் இல்லை. அதனால் யாராவது விளக்கினால் தலையாட்டிவிட்டு வராமல், "நான் புரிந்துகொண்டது இதுதான், சரியா?" என்று நீங்கள் திருப்பிச் சொல்லிப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் கைரேகை வைக்கிறார் என்றால், ஆய்வுக் குழுவைச் சேராத சாட்சி ஒருவர் கூட இருக்க வேண்டும்.

மரபணு பற்றிய வரியைத் தேடிப் பிடியுங்கள். டி.என்.ஏ. வரிசையைப் படிப்பார்களா, அதை வெளியே பகிர்வார்களா, பெயர் நீக்கப்படுமா? ஒருவருடைய டி.என்.ஏ.வில் அவருடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் பற்றிய தகவலும் கிடக்கிறது. 2013 மார்ச்சில் ஐரோப்பிய ஆராய்ச்சியாளர்கள் ஹீலாவின் முழு மரபணு வரிசையை யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வெளியிட்டார்கள், குடும்பத்தை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எதிர்ப்பு வந்ததும் எடுத்துவிட்டார்கள். அந்த ஆகஸ்டில் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. அதன்படி தகவல் வேண்டுபவர்கள் விண்ணப்பிக்க வேண்டும், விண்ணப்பங்களைப் பார்க்கும் குழுவில் லாக்ஸ் குடும்பத்தார் இருவருக்கும் இடம். கவனித்தீர்களா, ஆராய்ச்சியை நிறுத்துங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்டுச் செய்யுங்கள் என்றார்கள். எனக்கு அந்தக் குடும்பத்தின் மேல் பெரிய மரியாதை வந்தது இங்கேதான். ஆகவே மரபணு ஆய்வு என்றால் கையெழுத்துக்கு முன் வீட்டில் அண்ணன் தம்பி, அக்கா தங்கையிடம் ஒரு போன் போட்டுப் பேசிவிடுங்கள்.

பணம் பற்றிக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். வெட்டி எடுத்த செல்கள்மேல் நோயாளிக்குச் சொத்துரிமை இல்லை என்று 1990இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் ஜான் மூர் என்ற நோயாளி போட்ட வழக்கில் சொன்னது. ஆனால் தனக்கு அதில் ஆராய்ச்சி ஆதாயமோ பண ஆதாயமோ இருப்பதை மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. ஹீலா செல்களை விற்றுவந்த தெர்மோ ஃபிஷர் நிறுவனத்தின்மேல் லாக்ஸ் குடும்பம் 2021இல் வழக்குப் போட்டு, 2023இல் சமரசமானது. விவரம் வெளியிடப்படவில்லை. நீங்கள் கேட்க வேண்டியது, "இதை வணிகத்துக்குப் பயன்படுத்துவீர்களா, அப்படியானால் எங்களுக்குச் சொல்வீர்களா?"

கடைசியாக, மீதித் திசு எங்கே இருக்கும் என்று கேளுங்கள். பயாப்ஸித் திசுவைக் கட்டைவிரல் நுனியளவு மெழுகில் பதித்து, எண் எழுதிய சின்ன பிளாஸ்டிக் சட்டத்தில் வைத்திருப்பார்கள். அதற்கு 'பிளாக்' என்று பெயர். வேறு டாக்டரிடம் இரண்டாவது கருத்துக் கேட்கப் போனால் இதைத்தான் கேட்பார்கள், எனவே மொத்தமும் ஆராய்ச்சிக்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பின்னால் மனம் மாறினால் விலகலாம், ஆனால் பெயர், எண் எல்லாம் நீக்கிய பிறகு உங்களுடையதைத் தேடி எடுக்க முடியாது. அதனால் விலக எத்தனை நாள் அவகாசம் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

என்னைப்போல் ஏற்கெனவே போட்டுவிட்டீர்களா? தாளின் அடியில் ஆய்வாளரின் பெயரும் நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண்ணும் இருக்கும். நோயாளி எண், தேதி குறிப்பிட்டு, எந்த ஆய்வு, எதற்கு, எவ்வளவு காலம் என்று கேட்டு அம்மாவின் கையெழுத்தோடு ஒரு கடிதம் கொடுத்தேன். பதில் வந்தது. அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்துவிட்டு, "இருக்கட்டும், யாருக்காவது உதவட்டும்" என்றார்.